உப்பும் அதன் அளவும்

அரபு அணியியல் நூல்களைப் பயின்றோர் ஓர் உவமையை நன்கறிவர். பேச்சுக்கு இலக்கணம், உணவுக்கு உப்பைப் போன்றது என்பது அவ்வுவமை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேரறிஞர் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ தம் ‘அஸ்ராருல் பலாகா’ என்னும் நூலில் இதனை எடுத்து ஆராய்ந்தார். ஹிஜ்ரி 739-ல் மறைந்த கதீப் கஸ்வீனீ தம் ‘தல்கீஸ்’ நூலில் இதனைச் சுருக்கித் தந்தார். அதற்கு எழுந்த உரைகளின் வழியே இவ்வாய்வு நம் மத்ரஸாக்களின் பாடத்திலும் இடம் பெற்றது. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள பொதுத்தன்மை யாது என்பதே அங்கு எழும் கேள்வி. சிறிதாயின் நலம் தரும், மிகுந்தால் கெடுக்கும் என்பதே பொதுத்தன்மை என்று சிலர் விடை கூறினர். அவ்விடை பொருந்தாது என்பது அறிஞர்களின் முடிவு. ஏனெனில் இலக்கணத்தில் குறைவு, மிகுதி என்பது இல்லை. எழுவாய்க்கு உரிய குறியைக் கொடுத்தால் வாக்கியம் சரி, கொடாவிட்டால் பிழை. இரண்டு மடங்கு கொடுப்பது என்பது அங்கே நிகழ முடியாத ஒன்று.

இலக்கணத்தைப் பற்றிப் பேச வந்த இவ்வறிஞர்கள், அதன் ஊடே உப்பைப் பற்றியும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டனர். உப்பு, குறைவு மிகுதி என்னும் இரண்டுக்கும் இடந்தரும் பொருள். அளவோடு சேர்ந்தால் உணவைச் சீராக்கும்; அளவு மீறினால் கெடுத்துவிடும். அப்படியாயின் எவ்வளவு சிறிது, எவ்வளவு மிகுதி? அணியியல் நூலில் இதற்கு விடை தேட இயலாது. மனித குலம் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே நாம் ஈண்டு சுருங்கக் காண விழைகிறோம். அவ்வரலாற்றைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். நாம் உண்ணும் உப்பின் அளவை நெடுங்காலமாக நம் உடலின் தேவை முடிவு செய்யவில்லை. பண்டம் காக்கும் சாடியும், வரி தண்டும் கருவூலமும், பழகிப்போன நாவுமே முடிவு செய்து வந்தன.

முன்னோர் அறிந்த உப்பு

அரபு மொழியில் உப்பைக் குறிக்கும் சொல் ‘மில்ஹ்’. அதே வேரிலிருந்து பிறந்த ‘மலீஹ்’ என்னும் சொல், அழகியது, இனியது என்ற பொருளில் வழங்குகிறது. ரொட்டியையும் உப்பையும் ஒன்றாய் உண்டவர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்பது அரபு மக்களின் மரபு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தமிழர் கூறுவதும் இதனையே. வட்டி பற்றிய புகழ்பெற்ற நபிமொழியில் பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம் ஆகியவற்றுடன் ஆறாவதாக எண்ணப்பட்ட பொருள் உப்பு. சங்க இலக்கியங்களிலோ, உமணர்கள் உப்பு மூட்டைகளை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றாக விற்கும் காட்சிகளைக் காண்கிறோம். பொன்னோடும் நெல்லோடும் ஒப்ப வைத்து எண்ணப்பட்ட பண்டம் அது.

இவ்வளவு மதிப்புடைய பொருளுக்கும் வரம்பு உண்டு என்பதை முன்னோர் உணர்ந்தேயிருந்தனர். ஊடலுக்கு உப்பை உவமை காட்டிய திருவள்ளுவர், அது சற்றே மிகுவதும் கேடு என்பதை அவ்வுவமையிலேயே வைத்துக் காட்டினார். சரக சம்ஹிதை திப்பிலி, காரப்பொருள், உப்பு ஆகிய மூன்றையும் மிகுதியாக உண்ணலாகாத பொருள்கள் என்று தனியே எடுத்துக் கூறுகிறது. இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், தனி மருந்துகளின் வரிசையில் உப்பையும் வைத்து, வெப்பமும் வறட்சியும் அதன் இயல்பு என வகுத்தார். இவர்களிடமிருந்து நமக்குக் கிடைப்பது நெறி. எடை கிடைக்கவில்லை. உடலுக்குள் சென்ற உப்பு என்ன செய்கிறது என்பதை அளந்து பார்க்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

மக்கள் உப்பை மிகுதியாக உண்ணத் தொடங்கியதற்கு நாவின் சுவை மட்டும் காரணமன்று. குளிர்பதனப் பெட்டி இல்லாத உலகில் மீனையும் இறைச்சியையும் காயையும் கெடாமல் காக்க உப்பே வழி. நம் கடற்கரையில் கருவாடு, உள்நாட்டில் ஊறுகாயும் வற்றலும், ஐரோப்பாவில் உப்பிட்ட மீன், ஜப்பானில் உப்பிட்ட காய்களும் மிசோ என்னும் சோயாக் கூழும் இவ்வாறு தோன்றியவையே. பண்டம் கெடாதிருக்க எவ்வளவு உப்பு வேண்டுமோ அவ்வளவு இடப்பட்டது. அதனை உண்பவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பல தலைமுறைகள் அச்சுவைக்குப் பழகிய பின், அதுவே இயல்பான சுவை என்றாகிவிட்டது.

எழுபது நோய்களுக்கு மருந்தா?

இவ்விடத்தில் நம் மக்களிடையே பரவியுள்ள ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் கடந்து செல்ல இயலாது. உணவுக்கு முன்னும் பின்னும் உப்பைத் தொட்டு நாவில் வைப்பது எழுபது நோய்களுக்கு நிவாரணம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறியதாகச் சிலர் சொல்வர். ஹிஜ்ரி 597-ல் மறைந்த ஹதீஸ் கலை மேதை இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் ‘அல்மவ்ளூஆத்’ நூலில் இதனைச் சேர்த்துள்ளார். உணவோடு தொட்டுக்கொள்ளும் பொருள்களுள் உப்பே தலையாயது என்னும் கருத்துடைய வேறொரு செய்தி இப்னு மாஜாவின் தொகுப்பில் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையும் பலவீனமானதே. அதனை ஏற்றாலும், அது உப்பின் சிறப்பைச் சொல்கிறதேயன்றி அளவைச் சொல்லவில்லை.

நாவில் வைக்கும் ஒரு கல் உப்பால் பெருங்கேடு விளைந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் உப்பு எவ்வளவு உண்டாலும் அது மருந்தே என்னும் நம்பிக்கை வேரூன்றுமானால், இரத்த அழுத்தம் உடைய முதியவர் ஒருவர் மருத்துவரின் சொல்லைத் தள்ளிவிட்டு அந்நம்பிக்கையைப் பற்றிக்கொள்வார். சொல்லாத ஒன்றை நபியவர்களின் பெயரால் சொல்வது மார்க்கத்துக்குச் செய்யும் பிழை. அதனால் ஒருவரின் உடல்நலமும் கெடுமானால் பிழை இரட்டிப்பாகிறது. எனவே இதனை எடுத்துரைப்பது ஆலிம்களின் கடமைகளுள் ஒன்று எனக் கருதுகிறோம்.

கருவூலம் கணக்கிட்ட உப்பு

நம் நாட்டில் உப்பின் அளவு என்னும் கேள்வியை அடுத்துக் கையில் எடுத்தது அரசாங்கம். 1805-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோக உரிமையாக்கிக் கொண்டது. உப்பளத்தில் விளைந்தது அரசின் பண்டகசாலைக்குப் போயிற்று. அரசு விதித்த விலையிலேயே மக்களிடம் திரும்பி வந்தது. 1878-ல் நாடு முழுமைக்கும் ஒரே கொள்கை வகுத்தபோது, சென்னையில் மணங்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவாக இருந்த வரி இரண்டு ரூபாய் எட்டணாவாக உயர்ந்தது. ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ. தாது வருடப் பஞ்சம் என நம் முன்னோர் நினைவில் பதிந்த 1876–78 பஞ்சத்தில் இம்மாகாணத்து மக்கள் மடிந்து கொண்டிருந்த காலமும் அதுவே.

ஒரு மனிதன் ஆண்டுக்கு எவ்வளவு உப்பு உண்பான் என்பது அந்நாளில் வருவாய்க் கணக்கின் ஒரு வரியாக இருந்தது. செல்வன் உண்பதும் ஏழை உண்பதும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே வரியின் சுமை ஏழையின் கூலியிலேயே மிகுதியாக விழுந்தது. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவனுக்கு உப்பு தேவை. பேதியாலும் காய்ச்சலாலும் உடலின் நீரையும் உப்பையும் இழப்பவனுக்கு அது இன்னும் தேவை. அவர்களுக்கே அது எட்டாத விலையில் இருந்தது. எனவே அக்காலத்தில் உப்பைப் பற்றிய நல்லோரின் கவலையெல்லாம் ஏழைக்கு அது போதவில்லையே என்பதாக இருந்ததில் வியப்பில்லை.

அக்கவலையே 1930-ல் பெரும் போராட்டமாக எழுந்தது. மார்ச் 12 அன்று புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்து, அம்மாத இறுதியில் சட்டத்தை மீறினர். மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைதானதும், தராசனா உப்புப் பண்டகசாலையை நோக்கிய அறப்போருக்குத் தலைமை ஏற்றவர் பரோடாவின் முன்னாள் தலைமை நீதிபதி அப்பாஸ் தையப்ஜி. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. சில நாட்களில் அவரும் சிறை புகுந்தார். இறுதியில் 1947-ல், இடைக்கால அரசின் நிதி உறுப்பினராக இருந்த லியாகத் அலி கான் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தபோது உப்பு வரி நீக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. உப்புக்காக நாட்டையே நடக்க வைத்த காந்தியடிகள், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாப்பிரிக்காவில் உப்பை விட்டவர். நோயுற்றிருந்த கஸ்தூரிபாயிடம் உப்பையும் பருப்பையும் விடும்படி அவர் கேட்டார். உங்களாலேயே அவற்றை விட இயலாதே என்னும் பொருள்பட அம்மையார் மறுமொழி கூறவே, அக்கணமே ஓராண்டுக்கு அவ்விரண்டையும் விட்டுவிட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். இதில் முரண் ஏதும் இல்லை. உப்பு எவருக்கும் மறுக்கப்படலாகாது என்பது உரிமை பற்றிய வழக்கு. நான் எவ்வளவு உண்ண வேண்டும் என்பது உடல் பற்றிய வழக்கு. முன்னதில் வென்றுவிட்டதால் பின்னதையும் தீர்த்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொண்டதே பிழையாயிற்று. வரி நீங்கியது, உப்பு மலிந்தது, போதவில்லை என்ற கவலை போய், மிகுந்துவிட்டது என்ற கவலை வந்து சேர்ந்தது.

அளவுகோல் கைக்கு வந்தது

உடலுக்குள் உப்பு செய்யும் வேலையை அறிய, முதலில் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டியிருந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் முறையை 1896-ல் இத்தாலியரான ரிவா ரோச்சி அமைத்தார். நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-ல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சேர்த்தார். இதற்கிடையே 1904-ல் பாரீஸ் நகரில் அம்பார், போஜார் என்னும் இரு மருத்துவர்கள், உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் தாழ்கிறது என்பதைத் தம் நோயாளிகள் சிலரிடம் கண்டு எழுதினர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர் கடும் நோயாளிகளுக்கு ஒரு பத்தியத்தை விதித்தார். உப்பிடாத சோறும், பழங்களும், பழச்சாறும், சர்க்கரையும் மட்டுமே உணவு. சோறுண்டு வாழும் நமக்கு இச்செய்தி வியப்பூட்டும். அரிசியில் இயற்கையாக உள்ள உப்பு மிகமிகச் சொற்பம். சோற்றில் நாம் காணும் உப்பெல்லாம் நாம் இடுவதே. மிக உயர்ந்திருந்த இரத்த அழுத்தம் அப்பத்தியத்தால் பலருக்கு இறங்கியது. ஆயினும் அதனை நெடுநாள் தாங்கியவர் சிலரே.

1960-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சேர்ந்த லூயிஸ் டால், ஐந்து மக்கட் கூட்டத்தினரை ஒப்பிட்டு ஒரு படம் வரைந்தார். அலாஸ்காவின் எஸ்கிமோக்கள் நாள் ஒன்றுக்கு உண்டது ஏறத்தாழ 4 கிராம் உப்பு. அமெரிக்கர் உண்டது 10 கிராம். தென் ஜப்பானியர் உண்டது 14 கிராம். வட ஜப்பானியரோ சுமார் 26 கிராம் உண்டனர். உப்பின் அளவு ஏற ஏற, உயர் இரத்த அழுத்தம் உடையோரின் விகிதமும் ஏறிற்று. வட ஜப்பானின் அக்கித்தா பகுதி, மூளையில் இரத்தக் குழாய் வெடித்துக் கை கால் விழும் நோய்க்குப் பெயர் பெற்றிருந்தது. பனிக்காலம் முழுவதும் உப்பிட்ட காயையும் மிசோவையும் நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். பண்டத்தைக் காத்த உப்பு உண்டவரைக் காக்கவில்லை. டால் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. சில எலிகளுக்கு உப்பு உடனே அழுத்தத்தை ஏற்றிற்று. சிலவற்றை அது அசைக்கவில்லை. மனிதருள்ளும் அவ்வேறுபாடு உண்டு.

1988-ல் ‘இன்டர்சால்ட்’ என்னும் பேராய்வு வெளியாயிற்று. 52 இடங்களில் 10,079 பேரிடம் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து உப்பை அளந்தனர். உண்ட உப்பின் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுவதால், இதுவே நம்பத்தக்க முறை. பிரேசில் நாட்டுக் காடுகளில் வாழும் யானோமாமி மக்களிடம் உப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அவர்களின் சராசரி இரத்த அழுத்தம் 96/61. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது இயற்கை என நாம் எண்ணியிருக்கிறோம். உப்பை மிகக் குறைவாக உண்ணும் அம்மக்களிடம் அவ்வேற்றம் காணப்படவில்லை. மற்ற 48 இடங்களை மட்டும் ஒப்பிட்டால் தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2001-ல் அமெரிக்காவில் 412 பேருக்கு மூன்று வெவ்வேறு அளவு உப்புள்ள உணவு கொடுத்துப் பார்த்தனர். உப்பு ஒவ்வொரு படி இறங்கும்போதும் இரத்த அழுத்தமும் இறங்கிற்று. காயும் கனியும் மிகுந்த உணவை உண்டவர்களிடமும் அவ்வாறே நிகழ்ந்தது.

கருத்து வேறுபாடும் சான்றின் தரமும்

இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், வளர்ந்தவர் ஒருவர் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இது ஒரு சிறு தேக்கரண்டி மட்டம். உலக மக்கள் சராசரியாக உண்பதோ 10 கிராமுக்கும் மேல். இந்தியரின் சராசரியை 8 முதல் 11 கிராம் வரை என வெவ்வேறு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

அறிஞர் அனைவரும் இதில் ஒருமித்துவிட்டனர் என்று நாம் சொல்லப் போவதில்லை. 2014-ல் பல நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆய்ந்த ஒரு குழுவினர், 7.5 முதல் 15 கிராம் வரை உப்பு உண்டோரே இதய நோயும் மரணமும் குறைந்தவர்கள் என்றும், அதற்கும் கீழே போனால் ஆபத்து மீண்டும் ஏறுகிறது என்றும் எழுதினர். இக்கூற்று உலகெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பிற்று.

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும், அது யார் வழியாக, எவ்வாறு வந்தது என்றே முதலில் ஆராய்வர். இங்கும் அம்முறையே நமக்குத் துணை. அக்குழுவினர் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரை அளக்கவில்லை. காலையில் ஒரு முறை எடுத்த சிறுநீரிலிருந்து முழு நாளின் உப்பைச் சூத்திரத்தால் மதிப்பிட்டனர். அன்றியும், முன்பே நோயுற்றவர் பசியின்றிக் குறைவாக உண்பர். மருத்துவர் சொல்லி உப்பைக் குறைத்தும் இருப்பர். அவர்கள் இறந்தால், குறைந்த உப்பால் இறந்தனர் என்று கணக்கு காட்டிவிடும். ஆயினும் மிகக் குறைந்த அளவு எல்லோருக்கும் நன்மையா என்ற அவர்களின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. விவாதம் நிகழ்வது அக்கீழ் எல்லையைப் பற்றியே. மேல் எல்லையில், அதாவது மிகுதியான உப்பு கேடு என்பதில், இரு சாராரும் உடன்படுகின்றனர்.

இவ்விவாதத்துக்கு நடுவே 2021-ல் சீனாவிலிருந்து வந்த முடிவு குறிப்பிடத்தக்கது. 600 கிராமங்களில் 20,995 பேர் இவ்வாய்வில் இருந்தனர். பெரும்பாலோர் முன்பே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது இரத்த அழுத்தமுடைய முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தனர். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இவ்வகை உப்பு ஆபத்தானது. மருத்துவரைக் கேளாமல் அவர்கள் அதனைத் தொடலாகாது.

உயிர் காக்கும் சிட்டிகை

உப்பைப் பகையாகக் கருதுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. 1971-ல் வங்கப் போரின்போது மேற்கு வங்கத்தின் பனகாவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 22 கிராமும், சாதாரண உப்பு 3.5 கிராமும், சமையல் சோடா 2.5 கிராமும் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். பல உயிர்கள் பிழைத்தன. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் அம்முறையைத் தழுவிக்கொண்டது. 2002-ல் அக்கரைசலின் உப்பையும் லிட்டருக்கு 2.6 கிராமாகக் குறைத்தனர். உயிர் காக்கும் மருந்தாக இருந்தபோதும், உப்பு அளவுக்கு உட்பட்டே நின்றது.

இந்நாளில் முதியவர் பலர் ‘சோடியம் குறைந்துவிட்டது’ என மருத்துவமனையில் சேர்க்கப்படுவதைக் காண்கிறோம். உப்பைக் குறைத்ததால் வந்த வினை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், வாந்திபேதி, உடலில் நீர் தேங்கும் நோய்கள் ஆகியவையே பெரும்பாலும் அதற்குக் காரணங்கள். அதன் சிகிச்சையும் காரணத்துக்கேற்ப வேறுபடும். அதனை மருத்துவரிடம் விடுவதே அறிவுடைமை.

அயோடின் பற்றிய ஐயமும் எழக்கூடும். 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழுத்துக்கழலையைக் குறைக்கிறது என்று நிறுவிற்று. உப்பைக் குறைப்பதற்கும் அயோடின் உப்பை உண்பதற்கும் பகையில்லை. உண்பது குறைவாயினும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும். இந்துப்பு, கல்லுப்பு என்று பெயர் மாறுவதால் சோடியம் குறைந்துவிடுவதில்லை. அவற்றிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே.

நம் அடுக்களையில்

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பங்கு ஆலையில் செய்த உணவின் வழியே வருகிறது. ஆகவே அங்கே அரசு தலையிட்டால் வேலை எளிது. பிரிட்டனில் 2001 முதல் 2011 வரை ரொட்டியின் உப்பைச் சிறிது சிறிதாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தனர். உண்டவர்கள் பெரும்பாலும் வேறுபாட்டை உணரவில்லை. நம் நாட்டில் உப்பின் பெரும்பங்கு இன்றும் அடுக்களையிலேயே இடப்படுகிறது. ஆகவே அளக்கும் பொறுப்பும் நம்மிடமே உள்ளது.

அளப்பதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் அவ்வீட்டில் நாற்பது நாள் வர வேண்டும். இருபது நாளில் தீருமாயின், இரு மடங்கு செலவாகிறது என்று பொருள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் காரவகைகள் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேரவில்லை. பொட்டலங்களில் சோடியம் என அச்சிட்டிருந்தால், அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். குழந்தைகளுக்கு அளவு இதனினும் குறைவு. கடும் வெயிலில் உழைப்போரும் நோயாளிகளும் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழியைச் சொல்லிச் சிலர் இதனை மறுக்கக்கூடும். உப்பே இல்லாத உணவை நாம் கேட்கவில்லை. உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாவு சில வாரங்களில் பழகிக்கொள்கிறது. அதன்பின் பழைய அளவே கரிக்கத் தொடங்கும். எலுமிச்சையும் புளியும் மிளகும் கொத்துமல்லியும் அந்நாட்களில் உதவிக்கு வரும். சோறு வடிக்கும்போது உப்பிடாமல் விடலாம். இலையின் ஓரத்தில் உப்பு வைப்பதையும் மோரில் மேலும் ஒரு சிட்டிகை சேர்ப்பதையும் விட்டுவிடலாம். தொடங்குவதற்கு இவை போதும்.

இலக்கணத்தில் மிகுதி இல்லை, உப்பில் உண்டு என்று நம் அறிஞர்கள் கண்டனர். எவ்வளவு என்று சொல்லும் கருவி அவர்களிடம் இல்லை; நம்மிடம் உள்ளது. ஏழைக்கு உப்பு கிடைக்க வேண்டுமென்று சிறை சென்றவர்கள் பெற்றுத் தந்த உரிமை, அவ்வேழையின் மகன் நாற்பத்தைந்து வயதில் பக்கவாதத்தில் விழுவதற்காக அன்று. இவ்வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு பொட்டலம் உப்பு என்ற கணக்கை, இம்மாதம் முதல் நம் இல்லங்களில் பார்க்கத் தொடங்குவோம்.